காவலுக்குப் போகும் வயது

சற்று முன் ஊரார் முன்னிலையில் வழங்கிய அறிவுரையை, காரணத்தை வெளியிடாமல் எவ்வாறு திரும்பப் பெறுவது? சமூகப்பணியில் முதுகலை பயின்ற காலத்தில் எவரும் எனக்கு இதைக் கற்பிக்கவில்லை. இடைசெவலுக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்தில், மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த மார்கழி மாதத்தில், இக்கேள்வியோடு ஒரு வீட்டு வாசலில் நான் திகைத்து நின்றேன்.

அறுபது வயதைக் கடந்தவர்களின் பாலியல் நலக் குறைபாடுகளைப் பற்றியது எங்கள் ஆய்வு. ஊருக்குள் அதை ‘முதியோர் நலக் கணக்கெடுப்பு’ என்றே அறிமுகப்படுத்துவோம். தனிமையில் அமர்ந்த பிறகு முழு விவரத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுவது முறை. அந்தத் தனிமைதான் கிடைப்பதில்லை. ஒருவரிடம் கேள்வி கேட்க அமர்ந்தால், விடை சொல்லப் பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள்.

அன்று நான் சென்ற வீட்டில் அறுபதுகளில் இருந்த கணவனும் மனைவியும், அவர்களுடைய மகனும் மருமகளும் இருந்தனர். மகன் வாசலில் ஒரு புது ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஒரு நீதிபதி கிடைத்த மகிழ்ச்சி.

“மேடம், நீங்களே சொல்லுங்க. அம்மைக்கு இடுப்பு வலி. ராத்திரி ஆனா அய்யாகூட சோளக்காட்டுக் காவலுக்குப் போயிருதாவ. இந்தப் பனியில என்னத்துக்குன்னு கேட்டா, காட்டுப்பன்னி வருதுங்காவ. அதான் புலி உறுமுத மிஷின் வாங்கிட்டேன். இன்னையிலருந்து ரெண்டு பேரும் வீட்டுல படுக்கட்டும்.”

பொத்தானை அழுத்தினார். புலி உறுமியது. கோழிகள் கூரையேறின.

கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்த தந்தை அசையவில்லை. “ஏலே, இந்தப் பக்கத்துப் பன்னி எந்தக் காலத்துல புலியப் பாத்துச்சு, பயப்படுததுக்கு?”

நான் மகனின் பக்கம் நின்றேன். முதிய உடலுக்குப் பனி விளைவிக்கும் கேடு, ஓய்வின் இன்றியமையாமை, பெற்றோரைப் பேணும் பிள்ளையின் கடமை ஆகிய அனைத்தையும் ஒழுங்காக எடுத்துரைத்தேன். அதற்குள் கூடிவிட்ட அக்கம்பக்கத்தார் தலையசைத்தனர். அந்த அம்மாள் மட்டும் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

“ஏட்டி, நீ கேள்வி கேக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா? கேள்வின்னா என்கூட வா.”

ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் என்னை அழைத்துச் சென்றார். தொடர்ந்து வந்த இரு பெண்களிடம், “இவ யார் யாருக்கு எத்தன பவுன் நகை இருக்குன்னு எழுதப் போறா. வாரியளா?” என்றார். அவர்கள் மாயமானார்கள்.

ஆய்வின் முழு விவரத்தைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இதக் கேக்கதுக்கா ஒன்னைப் படிக்க வச்சாவ?” என்றார். அவர் சொல்வது அவருடைய மகனுக்கும் தெரியவராது என்று உறுதியளித்துவிட்டு, கணவனோடு கூடும்போது வலி உண்டா என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது.

“எரியும். சில நாள் அறுத்தாப்புல இருக்கும். காலையில மொகத்தப் பாத்துட்டு மகன் என்னன்னு கேட்டான். இதையா சொல்ல முடியும்? இடுப்புன்னு சொல்லிட்டேன்.”

மகனுக்குத் திருமணமானதும் வீட்டிலிருந்த ஒரே அறையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கணவரின் கட்டில் வாசலுக்குப் போயிற்று. இவர் பேத்திகளோடு கூடத்தில் படுத்தார். அவ்வூரில் எல்லா வீட்டிலும் அதுவே வழக்கம். யாரும் அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

“கதிர் வச்சா பன்னி வரும். பன்னி வந்தா நாங்க ரெண்டு பேரும் காவலுக்குப் போவோம்.”

“நிஜமாவே பன்னி வந்தா?”

“வெரட்டுவாவ,” என்றார். “நேரம் இருந்தா.”

நான் சிரிக்கக் கூடாது என்பது ஆய்வு விதி. மீறினேன்.

“வலிக்குன்னு சொன்னா அவிய தொடவே மாட்டாவ. பேசிக்கிட்டே கெடப்போம். அதுவே போதும்தான். இப்ப அந்த மிஷின் வந்துட்டுன்னா பேச்சும் போச்சு.” ஓர் ஆட்டுக்குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இது உடம்புச் சூடுதான? வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கேன்.”

சூடு அல்ல என்றேன். மாதவிலக்கு நின்ற பிறகு உடல் உலர்வதால் பலருக்கும் வருவது; பெண் மருத்துவர் பரிசோதித்துக் களிம்பு தருவார் என்றேன். இந்த வயதில் இதற்கா வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்றார். கூடவே நானும் வருவதாகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மகன் காத்திருந்தார். உண்மையைச் சொன்னால் கொடுத்த வாக்கு பொய்த்துவிடும். பேசாதிருந்தால் என் சொற்பொழிவே அந்தத் தம்பதியரைப் பிரித்துவிடும்.

“அண்ணாச்சி, நல்லா விசாரிச்சேன். அம்மாவை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா காவலுக்குப் போறத நிறுத்த வேண்டாம்.”

“இப்பத்தான பனி ஆகாதுன்னு சொன்னிய?”

“அது… பொதுவாச் சொன்னது.”

“அப்ப இடுப்பு?”

“அவங்க வலிக்கு வீட்டுல முடங்கிக் கிடக்கிறது மருந்தில்ல.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் என் காதுகள் சிவந்ததை உணர்ந்தேன். அடிகுழாயருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். மாமனாரோ திடீரென்று அந்த இயந்திரத்தின் திருகாணிகளை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கியிருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஏங்க, அந்த மிஷினக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க. கோழி முட்ட போடாது. அத்தையும் மாமாவும் போகட்டும். நம்ம கம்பளியக் குடுத்துவிடுதேன்.”

“ரெண்டு கம்பளிதான இருக்கு?”

“ஒண்ணு போதும்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

அடுத்த வாரம் கோவில்பட்டியில் பெண் மருத்துவரிடம் அந்த அம்மாளை அழைத்துச் சென்றேன். களிம்பு கிடைத்தது, அறுவடைக்கு முன்பே எரிச்சலும் தணிந்தது. எங்கள் வினாத்தாளில் இப்போது ‘எங்கே, யாருடன் உறங்குகிறீர்கள்’ என்பது முதல் கேள்வியாகச் சேர்ந்திருக்கிறது. எல்லா விடைகளையும் கேட்டு முடிக்கும்வரை நான் எவருக்கும் அறிவுரை சொல்வதில்லை.