சிவப்புப் பென்சில் கோடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதி வேறு. முன்னது பின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதரின் கை போன விஷயம் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்துப் பாடியில், லாரிகள் நிற்கும் சந்துக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் கல் கழுவும் வேலை பார்த்தேன். எங்கேயோ மலையில் துளை போட்டு, பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் எடுப்பார்கள். சப்பாத்திக் கட்டை பருமன் இருக்கும். அதை நீள மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி லாரியில் அனுப்புவார்கள். எந்த மலை என்று எங்களிடம் சொன்னதில்லை. அதில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சார் கண்ணால் பார்த்தே எழுதுவார். காய்ந்த கல்லில் ஒன்றும் தெரியாது, எல்லாம் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டால்தான் செம்பு கலந்த மஞ்சள் கண் விழிக்கும். அதற்குத்தான் நான்.

சார் ஒரு சாண் கல்லை எடுத்துக்கொள்வார். அதில் மஞ்சள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்ப்பார். மஞ்சளில் மூன்றில் ஒரு பங்கு செம்பு என்பது அவர் கணக்கு. சந்தேகம் வந்தால் ஆணியால் கீறுவார். கறுப்பும் பச்சையுமாகத் தூள் வந்தால் செம்புக் கல். ஆணி வழுக்கினால், மஞ்சளாகத் தெரிந்தாலும் வெறும் இரும்புக் கல். கழுவிக் கழுவி எனக்கும் கண் பழகிவிட்டது. செம்பு நூற்றுக்கு எத்தனை என்று அவர் எழுதுமுன்னே மனதுக்குள் ‘மூணு’ என்பேன். அவரும் பெரும்பாலும் மூணு என்றே எழுதுவார். ஆனால் நான் வாய் திறந்ததில்லை. ஆண்கள் நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரலே வராது.

அந்த இடத்தில் மெதுவாக நடந்தது எதுவும் இல்லை. சார் எழுதி முடித்ததும் கல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு பாதி பெட்டியிலேயே இருக்கும், மறுபாதி பையில் கட்டிப் பரிசோதனைக்குப் போகும். பிளப்பவர் கரையான்சாவடிக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். இரும்புத் தொட்டிலில் கல்லைப் படுக்கவைத்து, உளியை ஊன்றி, சம்மட்டியால் ஒரே போடு. சில்லு தெறித்து என் புருவம் கிழிந்திருக்கிறது. மேஸ்திரி அதைவிட மோசம். பெட்டியைத் தவறவிட்ட லோடுமேனை அந்தப் பெட்டியின் மூடிப் பலகையாலேயே அடித்தார். பலகையில் இருந்த ஆணி தோளில் இறங்கி, பலகை அங்கேயே தொங்கியது. அதையும் பிடுங்கி மறுபடி அடித்தார். நாங்கள் கல் கழுவிக்கொண்டிருந்தோம்.

எங்கே பிளக்க வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுவதும் என் வேலைதான்.

“இன்னா தங்கச்சி, கல்லுக்கு மை வச்சி உடறியா? கண்ணாலத்துக்கா போவுது?” என்று பிளப்பவர் சிரிப்பார். நான் தலை நிமிரமாட்டேன்.

இதற்கு முன்னால் நான் அம்பத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றவள். சொத்தையைக் கீழே வைத்து நல்ல முகத்தை மேலே காட்டி அடுக்கிய கை. ஒரு மழைக்காலத்தில் வந்த பெட்டிகளில் மஞ்சள் ஒரு பக்கமாகவே, நரம்பு மாதிரி நீளமாக ஓடியது. அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வைத்தேன். கோடு போடும்போது நரம்பை வெட்டிவிட மனசு வரவில்லை. அதைத் தாண்டி, ஓரமாகப் போட்டேன். பளபளக்கும் பாதி முழுசாகப் பெட்டியில் நின்றது, வெறும் பாதி பரிசோதனைக்குப் போனது. “நல்லா அடுக்கியிருக்கீங்கம்மா” என்று சார் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

ஒரு மத்தியானம் பரிசோதனைக் காகிதம் வந்தது. சார் கண்ணுக்கு மூணு. காகிதத்தில் ஒன்றுகூட இல்லை. முதலாளி போனில் கத்தியது வெளியே கேட்டது. சார் முகம் வெளுத்து, “பெட்டியில நல்ல கல்லுதானே இருக்கு, பையிலதான் ஏதோ மாறியிருக்கு” என்றார். பையில் போட்டுக் கட்டுவது பிளப்பவர்.

மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்துத் தூணில் மோதினார். “எவன் துட்டு குடுத்தான்டா உனுக்கு? எவன் சொல்லி குப்பக் கல்ல போட்ட?”

“அய்யோ அண்ணாத்தே, கோட்டு மேல அட்ச்சேன், வந்தத பையில போட்டேன். என் புள்ளைங்க மேல ஆணையா எனுக்கு ஒண்ணியும் தெரியாது.”

வாயில் ஒரு குத்து. பல்லோடு ரத்தம் என் வாளித் தண்ணீரில் விழுந்தது. வயிற்றில் உதைத்தார். விழுந்தவரை முடியைப் பிடித்து இழுத்துவந்து, வலது கையை அந்த இரும்புத் தொட்டிலில் வைத்து முட்டியால் அழுத்தினார். சம்மட்டியை எடுத்தார்.

“சொல்றியா, இல்ல இந்தக் கையோட உன் பொழப்பு முடியட்டுமா?”

கோடு என்று பிளப்பவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சம்மட்டி இறங்கியது. கல் பிளக்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை.

அவர் அலறிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. “நான்! நான்தான் கோடு போட்டேன்!” பெட்டியைத் தூக்கித் தரையில் கவிழ்த்தேன். கற்களெல்லாம் உருண்டன. ஒன்றை எடுத்துச் சாரிடம் நீட்டினேன். “பாருங்க சார், மஞ்சளைத் தாண்டிக் கோடு. மஞ்சள் முழுக்க இதுலயே நின்னுபோச்சு. பையில போனதுல ஒண்ணும் இல்ல.”

சார் அதை வாளியில் நனைத்தார், வாளியில் ரத்தம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கல்லின் மேல் முகத்தைப் பார்த்தார், ஓரத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். “நான் மேல் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மேஸ்திரி என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் அடித்தார். “ஊட்டாண்ட கெடக்க வேண்டிய பொம்பள, உனுக்கு இன்னாடி கோடு?” இரண்டாவது தடவை இழுக்கும்போது என் கையில் இன்னொரு கல் இருந்தது. அவர் வாயைப் பார்த்து அடித்தேன். உதடு கிழிந்து தொங்கியது. நானா அடித்தேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. லோடுமேன்கள் வந்து பிரித்தார்கள். அதில் தோளில் ஆணி ஏறியவரும் இருந்தார். அவர் என்னைப் பிடிக்கவில்லை, மேஸ்திரியைத்தான் பிடித்தார்.

பிளப்பவரை ஆட்டோவில் ஏற்றினோம். கை என் முந்தானையில் சுற்றியிருந்தது. வழியெல்லாம், “நீ அழுவாத தங்கச்சி, நீ இன்னா பண்ணுவ” என்று அவர்தான் என்னைத் தேற்றினார். ஆஸ்பத்திரியில் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவரால் சம்மட்டி பிடிக்க முடியவில்லை. நானும் அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை.

கல் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சம்மட்டி ஒரு தடவை இறங்கியதும் நான் கத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். அது இரண்டாவது தடவையாகவும் இருக்கலாம். என் ஞாபகம் எனக்குச் சாதகமாகத்தான் பேசும். கரையான்சாவடியில் அவரோ அவர் பிள்ளைகளோ இருந்தால், எத்தனை அடிக்குப் பிறகு என்று கேட்டு, இதில் சரியாகப் போட்டுவிடுங்கள்.