ஆறு தண்ணீர் கேனும் ஒரு மலை ஏரியும்

குளுக்... குளுக்...

தோளில் மூங்கில். முன்னால் ஓர் இருபது லிட்டர் தண்ணீர் கேன், பின்னால் இன்னொன்று. அடிக்கு ஒரு தடவை காதோரம் அந்தச் சத்தம். ஜவ்வாது மலையில், பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து இரண்டு மணி நேர ஏற்றம். இமயமலை ஏறியவர்கள் யாரும் என் முன்னால் வந்து பெருமை பேச வேண்டாம். அவர்கள் தண்ணீர் தூக்கவில்லை.

பதினைந்து வருஷம் இருக்கும். மூன்று பேர் போனோம். நான், வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக் கடை வைத்திருந்த காதர் பாய், காசிமேட்டு அந்தோணி. ஆளுக்கு இரண்டு கேன். போன இடமோ ஏரி... சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், ஆள் அரவமே இல்லை.

ஏரிக்கு எதற்குத் தண்ணீர் கொண்டுபோனீர்கள் என்று கேட்பவர் திருவொற்றியூர்ப் பக்கம் வாழாதவர். திறந்து கிடக்கும் தண்ணீரை நாங்கள் பார்ப்போம், மூக்கைப் பொத்துவோம், தாண்டிப் போவோம். குடிக்கிற தண்ணீர் என்றால் அது கேனில் வர வேண்டும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தார்.

"எங்க தண்ணி உங்கள என்ன பண்ணுச்சு?"

கேட்டுவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டுப் போனார். அவர் மயங்கி விழுகிறாரா என்று காதர் பாய் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தோணி தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். ஏறினான், ஏறினான்... இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆந்திரா.

"இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம்?"

"தண்ணி ஏறும் மாமு."

"ஏரிடா இது. கடலா?"

அவன் இன்னும் நாலு அடி மேலே போனான். ஏன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, எண்ணூர் முகத்துவாரத்தில் அவன் கட்டுமரத்தை அலை புரட்டிப்போட்டது. கூட இருந்த தம்பியின் கையைப் பிடித்திருந்தான். கை நழுவிவிட்டது. தம்பி எப்படியோ கரை சேர்ந்து பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தோணி அன்றோடு சரி. கன்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதப் போய்விட்டான். கடலில் கால்கூட நனைப்பதில்லை.

இப்போது தம்பி ஒரு ஃபைபர் படகு பார்த்து வைத்திருந்தான். அண்ணன் கூட வந்தால் படகு. இல்லாவிட்டால் வலையை விற்றுவிட்டு வேறு பிழைப்பு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நாங்கள் போனது சனிக்கிழமை. "மலை, கேம்ப், நல்ல காத்து" என்றுதான் அவனை அழைத்து வந்திருந்தோம். ஏரி என்ற சொல் எங்கள் வாயில் வரவே இல்லை.

மறுநாள் காலையில் நான் கேன்களைக் கவிழ்க்க ஆரம்பித்தேன்.

"குடிக்க இன்னா பண்ணுவே நைனா?" காதர் பாய் பதறினார்.

"அந்தம்மா உயிரோடதானே கீது?"

ஆறு காலி கேன், மூன்று மூங்கில், காதர் பாயின் கயிறு. அவர் பல் தேய்க்கப் போனாலும் இடுப்பில் கயிறு இருக்கும். அரை மணியில் ஒரு கப்பல் தயார். கேப்டன் நான். துடுப்பு, சோற்றுத் தட்டு.

"வர்றியா அந்தோணி?"

"நீ போ மாமு. நான் டீ போட்டுகினு கீறேன்."

போனேன். உலகம் சுற்றிய மாலுமிகள் உண்டு. நின்ற இடத்திலேயே கிரைண்டர் மாதிரி சுற்றிய மாலுமி நான் ஒருவன்தான். சுற்றிச் சுற்றியே ஏரியின் நடுவுக்கு வந்துவிட்டேன். அங்கே காதர் பாயின் முடிச்சு ஒன்று அவிழ்ந்தது. ஒரு கேன் என்னைவிட்டுப் போனது. அதைப் பார்த்து இன்னொன்று. கப்பல் சாய்ந்தது.

எனக்கு நீச்சல் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்.

"எழுந்துக்காத மாமு! படு! மூங்கிலக் கட்டிப் புடி!"

அந்தோணியின் குரல்... முதலில் மேட்டிலிருந்து வந்தது. அடுத்து கரையிலிருந்து. அப்புறம் தண்ணீரிலிருந்து.

"கையக் குடு."

கொடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு கையால் நீந்தி, மறு கையால் என்னையும் மிச்சக் கப்பலையும் இழுத்து வந்தான். கரை ஏறியும் விடவில்லை. பாய் டீயை ஆற்றிக் கொடுத்தார். அதை நான் இடது கையால் குடித்தேன். அப்போதும் விடவில்லை.

வெகுநேரம் கழித்து என் கையைவிட்டு, எழுந்து போய், ஏரியில் ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"இன்னா மாமு, உப்பே இல்ல."

அதன்பின் அவனே நீந்திப் போய் ஓடிப்போன இரண்டு கேன்களையும் பிடித்து வந்து, முடிச்சுகளை எல்லாம் பிரித்துத் தன் கையால் போட்டான். காதர் பாய் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். சாயங்காலம் வரை, இடுப்பு நனைய, கப்பலில் என்னை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சோற்றுத் தட்டு அவன் கையில் துடுப்பு மாதிரியே வேலை செய்தது.

திங்கட்கிழமை பதில் சொன்னான்.

இப்போது அந்த ஏரி வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்களாம். லைஃப் ஜாக்கெட், டிக்கெட் எல்லாம் உண்டாம். என் வீட்டில் சுவரில் மாட்டிய மெஷின் தண்ணீர் தருகிறது. காலி கேனைத் தூக்கினாலே முட்டி பேசுகிறது. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்கள்.

அந்தோணியை மீட்க நான் வேண்டுமென்றேதான் கவிழ்ந்தேன் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஒருத்தரும் நம்பவில்லை.

போன வாரம் நானும் அந்தோணியும் திருவொற்றியூர் ஹைரோட்டைத் தாண்ட நின்றோம். கன்டெய்னர் லாரி ஒன்று வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இன்னா கொயந்தையா? வுடுறா."

"இரு மாமு, லாரி போவட்டும்."

லாரி போய்விட்டது... அவன் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.