செல்வத்தின் பெட்டியில் கிடைத்தது

தொண்ணூறுகளில் பெங்களூர் கல்லூரி விடுதி ஒன்றில் நான் வார்டன். ஞாயிறுதோறும் மாணவர்களின் பெட்டிகளைச் சோதிப்பேன். ஒருநாள் எம்.ஏ. படித்த செல்வத்தின் பெட்டியில் ஆணுறைப் பாக்கெட் இருந்தது.

“எய்ட்ஸுக்குப் பயந்துதான் சார் வாங்கினேன்.”

“படிக்க வந்தியா, இதுக்கு வந்தியா?” என்று மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினேன். அன்றிலிருந்து பையன்கள் அவனை “டேய் பாக்கெட்” என்றே கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எய்ட்ஸ் நோயாளிகளின் வரிசையில் எலும்பும் தோலுமாகச் செல்வம் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

“அதுக்கப்புறம் கடையில கேக்கவே கூச்சமாயிடுச்சு சார். வாங்கவே இல்ல” என்றான். குரலில் கோபமே இல்லை. நான் உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டான்.

அடுத்த மாதம் இறந்துவிட்டான். அவனைத் திருத்திவிட்டதாக அதுவரை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.