முப்பத்தொரு தடவை ‘இசை’

அலுவலகத்தில் அவளைக் கமாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்துத் திருத்துவாள் என்பதால் வந்த பெயர். காது கேளாதவர்கள் படிப்பதற்காகத் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது பதினெட்டு வருடமாக அவளுடைய பிழைப்பு. யார் பேசுகிறார், கதவு எப்போது தட்டப்படுகிறது, நாய் எந்தப் பக்கம் குரைக்கிறது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். வாத்தியம் வந்தால் மட்டும் வேலை சுலபம். அடைப்புக்குறிக்குள் ‘இசை’ என்று ஒரு சொல்லைப் போட்டால் தீர்ந்தது.

அவளுடைய அண்ணன் லேத் பட்டறையில் இருபத்தாறு வருடம் இரும்பு கடைந்தவர். பட்டறை இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்று, ஐம்பது வயதில் சுத்தமாக அடைத்துவிட்டது. பேச்சு குறையவில்லை, சொல்லப்போனால் கூடிவிட்டது. எதிராளி சொல்வது காதில் விழாதபோது எதற்காக நிறுத்த வேண்டும்? அண்ணி ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எழுதித்தான் அவரோடு சண்டை போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமாக்கா, தான் வரி எழுதிய ஆவணப்படம் ஒன்றை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். காது கேட்காமல் போன பிறகும் பெரிய பெரிய இசைக்குழுக்களுக்கு எழுதிக் குவித்த ஒரு இசைமேதையின் வாழ்க்கை. அண்ணனுக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் ஐம்பது நிமிடமும் அசையாமல் பார்த்தார். நடுநடுவே செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

“முப்பத்தொண்ணு” என்றார் முடிவில்.

என்ன என்று அவள் கையால் கேட்டாள்.

“இசைன்னு முப்பத்தொரு தடவ போட்டிருக்க. அந்த மனுஷனுக்கும் காது கேக்கல, எனக்கும் கேக்கல. எழுதின உனக்குமா கேக்கல?”

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். கமாக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் சொன்னது பொய்யில்லை. வாத்தியம் தொடங்கியதுமே படத்தை வேகமாக ஓட்டி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது அவள் வழக்கம். அந்தப் படத்தின் இசையில் பாதியை அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை மேலாளரின் மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

“அந்தப் படத்த மறுபடி செய்யணும் சார்.”

“தப்பு ஏதாவது இருக்கா?”

“ஒரே தப்பு. முப்பத்தொரு எடத்துல இருக்கு.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். “விதிமுறையில இசைன்னு போட்டா போதும்னுதான் இருக்கு. அடுத்த மாசம் ஒளிபரப்பு வேற. எதுக்கும்மா வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கறீங்க?”

“சாப்பாட்டு நேரத்துல செஞ்சுக்கறேன். பிடிக்கலேன்னா பழசையே போட்டுடுங்க.”

முதலில் எழுதியதை அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது. ‘சோகமான இசை’, ‘கம்பீரமான இசை’, ‘மனதை உருக்கும் இசை’ என்று வண்டி வண்டியாக எழுதியிருந்தாள். அண்ணன் நாலு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“சோகமா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். வாசிக்கறது யாரு, எத்தன பேரு, வேகமா மெதுவா, எங்க நிக்குது? அத எழுது. மெஷின் ஓடுதுன்னு மட்டும் சொன்னா, பக்கத்துல நிக்கறவனுக்கு என்ன தெரியும்?”

வம்பு அங்கேதான் இருந்தது. அவளுக்கு ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஐம்பது பேர் சேர்ந்து வாசித்தால் அவள் காதுக்கு அது ஒரே சுவர். நகரத்து இசைக்குழு ஒத்திகை பார்க்கும் மண்டபத்துக்குப் போனாள். காவலாளி இரண்டு நாள் வாசலோடு திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் அவள் திரும்பவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மதியம் டிபன் டப்பாவோடு வெளியே வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஏது என்று விசாரித்தாள். கடைசி வரிசையில் நின்று பெரிய செம்பு முரசுகளை அடிப்பவள்.

“நீங்க சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க” என்றாள் முரசுக்காரி. “ஒரு மணி நேரக் கச்சேரியில நான் அடிக்கறது பத்து நிமிஷம்கூட வராது. மிச்ச நேரம் பூரா எண்ணிக்கிட்டே நிப்பேன். எண்ணிக்கை தப்பினா மானம் போயிடும். அதனால யாரு எப்ப நுழையறாங்க, யாரு எப்ப நிறுத்தறாங்கன்னு எனக்கு அத்துப்படி.”

அன்றிலிருந்து மூன்று வாரம், மதியமானால் அந்தப் படிதான். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன், அதில் அந்தப் படத்தின் இசை.

“எல்லாத்தையும் சேத்துப் பிடிக்கப் பாக்காதீங்க. கூட்டத்துல உங்க வீட்டு ஆள் குரல மட்டும் தேடுவீங்கல்ல, அந்த மாதிரி. இப்ப அடியில யாரு?”

“வயலினா?”

“அது மேல. அடியில, அடியில.”

இப்படியே வாங்கிக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள், அத்தனை வாத்தியங்களின் நடுவே பெரிய தந்தி வாத்தியங்கள் மட்டும் தனியாக நடந்து போவது அவள் காதில் விழுந்தது. கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. முரசுக்காரி அதை மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

வரிகள் மாறின. ‘இரண்டு கொம்புகள் மட்டும், தொலைவில்.’ ‘வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.’ ‘எல்லோரும் ஒன்றாக, முழு வேகத்தில்.’ ஓரிடத்தில் குழு முழுதும் சட்டென்று நின்று மூச்சு வாங்கியது. பழைய வரியில் அந்த நிசப்தத்தின் மேலும் ‘இசை’ என்றே ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணன் இன்னொரு குறை கண்டுபிடித்தார். “வயலின்காரி விரல் மேல எழுத்து ஏறி உக்காந்திருக்கு. தள்ளு.” ஒன்பது இடங்களில் வரியைத் திரையின் மேல்பக்கத்துக்கு ஏற்றினாள்.

“உங்க அண்ணன் ஒருத்தர வச்சு நான் முடிவு பண்ண முடியாது” என்றார் மேலாளர்.

காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஆறு பேரை அழைத்து வந்தாள். பழையதும் புதியதுமாக இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். ஒருவர், “படிக்கறதா, பாக்கறதா? எழுத்து ரொம்ப ஜாஸ்தி” என்று எழுதிக் காட்டினார். பிறவியிலேயே கேட்காத தையல்காரம்மா ஒருத்தி சைகையில் சொன்னதை அவள் மகள் எடுத்துச் சொன்னாள்: “குச்சி வச்சிருக்கறவர் கைய தூக்கிட்டு ஏன் சும்மா நிக்கறார்னு அம்மாவுக்கு இத்தன வருஷம் புரியலயாம். எல்லாரும் சேந்து நிறுத்தறாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்.”

“எழுத்தக் கொறச்சுட்டா இதையே போடலாம்” என்று மேலாளர் குறிப்பேட்டை மூடி வைத்தார். கமாக்கா அன்று சாயங்காலத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு வரிகளை வெட்டினாள். வெட்ட வெட்ட வலித்தது, ஆனாலும் வெட்டினாள். புதிய வரிகளோடுதான் படம் ஒளிபரப்பானது.

ஒரு வாரம் கழித்து மேலாளர் இன்னொரு படத்தைக் கொண்டு வந்தார். முழுக் கச்சேரி, எழுபத்தைந்து நிமிடம், ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட படத்தைப் பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிடுவார்கள்.

“எத்தன நாள் வேணும்?”

“பத்து.”

“அஞ்சு.”

“பத்து நாள் சார்.”

“சரி, எட்டு. அதுக்கு மேல பேசாதீங்க.”

அவள் மேலே பேசவில்லை. எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாளும் அதே படத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.