தகரக் கடை பாயின் மூன்று தட்டு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் பக்கமெல்லாம் அச்சடித்ததுபோல் இருக்கிறது. என் பக்கத்தில் 'ழ' ஒரு புறம் சாய்கிறது, 'ண' ஒரு புறம் இழுக்கிறது. நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபது தாண்டிய பிறகு பிடித்த பேனா இது. ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு முறை வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். ஆனாலும் எழுதுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதியது அங்கேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. அப்படிப்பட்ட சந்தோஷத்தைக் கொண்டு நான் முதன்முதலில் எழுதுவது ஒரு சாவைப் பற்றி.

போன வியாழக்கிழமை காலை குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜட்கா ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் ஜாபர் ஓடிவந்தான். "நைனா, தகரக் கடை பாய் மௌத்தாயிட்டாரு. விடிகாலைல தண்ணி கேட்டாராம், குடிக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்" என்றான். நான் கொள்ளுச் சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பாயிடம் போய் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தவன், ஒரே ஒரு நாளில் தவறவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் பாய் என்று பெயர். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் தகரக் கடை வைத்திருந்தார். புனல், மண்ணெண்ணெய் அளவை, அரிக்கன் விளக்கு, ஜட்கா விளக்கு எல்லாம் செய்வார். என் வண்டியின் இரண்டு விளக்கும் அவர் கைவேலைதான்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. படம் பேசாத அந்தக் காலத்தில், கூடாரக் கொட்டகையில் ஐரோப்பாவின் பழைய கோட்டைக் கதைகள் வந்தால் முதல் நாளே போய் மணலில் உட்கார்ந்துவிடுவார். ராஜாக்களும் இரும்புச் சட்டை போட்ட வீரர்களும் வரும் படங்கள். இங்கிலீஷ் எழுத்து ஓடும்போது அவர் கண்ணைத் தேய்த்துக்கொள்வார். வீரன் வந்தால் முன்னால் குனிந்துகொள்வார்.

முதல் தடவை நான் அவரோடு போனது ஒரு முற்றுகைப் படத்துக்கு. கோட்டைக்குள் கிணறு வற்றிப்போகிறது. வெளியே எதிரி காத்திருக்கிறான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது பாய் உரக்கச் சொன்னார்: "அது இரும்பே இல்லபா. கம்பளி நூலப் பின்னி வெள்ளி பூசிக்கீறான். முட்டி மடக்குனா துணி மாதிரி சுருங்குது பாரு."

பின்னாலிருந்து ஒருவன், "யோவ் பாய், படத்தப் பாக்க வுடுயா!" என்று கத்தினான்.

"நீ படத்தப் பாரு நைனா, நான் தகரத்தப் பாத்துக்கினு கீறேன்."

கொட்டகையே சிரித்தது. வெளியே வரும்போது அவரிடம், கதை நன்றாகத்தானே இருந்தது, சட்டை எப்படி இருந்தால் என்ன என்று கேட்டேன். "தகரத்துல பொய் சொல்றவன் ராஜா கதையில மட்டும் நெசமா சொல்வான்?" என்றார்.

அதிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. படம் பார்த்த மறுநாள் காலையில் சந்து வழியாகப் போகிறவர்கள், "இன்னா பாய்?" என்று கேட்பார்கள். பாய் பேச மாட்டார். மரச்சுத்தியால் தகரத் தகட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் போகாதே. இரண்டு தட்டு என்றால் போகலாம். மூன்று தட்டு என்றால் வீட்டில் இருக்கிறவர்களையும் அழைத்துக்கொண்டு போ. வடக்கு மாட வீதியிலிருந்து குமாஸ்தாக்கள்கூட ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து காதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தட்டு ஒருநாளும் பொய்த்ததில்லை.

மூன்று தட்டு வாங்கிய படங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று, கொள்ளைநோய் வந்த ஊரின் கதை. ஊர்க்கதவைச் சாத்திவிடுகிறார்கள், வெளியே நிற்பவர்களில் காவல்காரனின் பெண்டாட்டியும் இருக்கிறாள். அந்தக் காவல்காரனின் மார்புத் தகட்டில் ஒரு நெளிசல், தோளில் துரு. "துரு வெச்சிருக்கான் பாரு. அவனுக்கு வேலை தெரியும்" என்று பாய் சொன்னார். அவள் கதவைத் தட்டும் இடத்தில் அவர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் படம் எங்காவது திரும்ப வந்தால் விடாதீர்கள். பாலம் உடைகிற இன்னொரு படத்துக்கு இரண்டு தட்டு. சங்கிலியின் கனம் தெரிகிறது என்பார். பெரிய கோட்டை, பெரிய கூட்டம் என்று நோட்டீசில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். முழங்கையையும் முட்டியையும் பாருங்கள். கீல் இருக்கிறதா, சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இது அவர் எனக்குச் சொன்னது.

இனி எழுதுவதற்குத்தான் கை வரவில்லை.

ஒரு படம் வந்தது. அதில் ஒரு வெள்ளைக் குதிரை. அச்சாக என் குதிரை லட்சுமி மாதிரியே, நெற்றியில் அதே சுழி. நான் ஜட்காக்காரன். ராஜா எப்படிப் போனால் எனக்கென்ன, படம் முழுவதும் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஓடினேன். "இன்னா பாய்?"

பாய் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இது குதிரைக்கு மட்டும். மத்தது எல்லாம் நூல். போகாதேன்னு சொல்லு" என்றார்.

அன்று மத்தியானம் கொட்டகை மேனேஜர் ஸ்டாண்டுக்கு வந்தார். "என்னடா முனுசாமி, பாய் என்ன சொன்னார்?" என்று கேட்டார். அந்த வாரம் நோட்டீஸ் வண்டி ஓட்ட ஓர் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முன்னால் பாண்டு வாத்தியம், பின்னால் குதிரைக்கு அலங்காரம், ஊரே வாசலில் வந்து நின்று பார்க்கும். நான் கூலிக்கு ஆசைப்படவில்லை. லட்சுமியை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "மூணு தட்டு தட்டினாரு சார்" என்றேன். அது பொய் இல்லை. பாதி உண்மை. பாதியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை முழுதாகக் கெடுக்கலாம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் லட்சுமியின் முகத்தில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டைக் கவசம் கட்டினார்கள். நோட்டீஸ் கட்டுகளை என் மடியில் போட்டார்கள். அதில் குதிரைப் படம் அச்சடித்திருந்தது, அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மாட வீதிகளில் சுற்றினேன், அடையாறு பாலம் வரை போனேன். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புது நகர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்தனார்களும் சித்தாள்களும் சாந்துச் சட்டியோடு ஓடிவந்து வாங்கினார்கள். ஆனால் முதல் நோட்டீசை நான் கொடுத்தது பாயிடம்தான். அவர் சந்து வாசலில் வண்டியை நிறுத்தி, "பாரு பாய், லட்சுமி படமே போட்டுட்டான்!" என்று கையில் திணித்தேன். அவர் மேலிருந்து கீழ் வரை படித்தார். என்னைப் பார்த்தார். லட்சுமியின் அட்டை முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். தொழுகை நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஆட்டத்தில் மணலில் இடமில்லை. பாய் மூன்று தட்டுத் தட்டினார் என்று நோட்டீசில் போட்டிருந்ததாம், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் கூச்சல் தொடங்கியது. வீரன் ஒருவன் ஓடும்போது அவன் இரும்புச் சட்டை முதுகில் ஏறிச் சுருண்டுகொண்டது. "பாய்! இன்னா தகரம் இது, எங்க வாங்குன?" என்று ஒருவன் கேட்டான். "மேனேஜர் இன்னா குடுத்தான் பாய்?" என்று இன்னொருவன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்த பாய் எழுந்திருக்கவில்லை. படத்தைக் கடைசிவரை பார்த்தார்.

மறுநாள் காலை அவர் கடை வாசல் கொக்கியில் யாரோ வெள்ளி பூசிய நூற்கண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் அதை அவிழ்த்து, வாடிக்கைக்காரர் ஒருவருக்குப் புனல்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் ஒரு மாதம் அந்த நூலால்தான் கட்டினார்.

"பாய், அந்த மேனேஜர் பய உன் பேரப் போட்டு இப்பிடி பண்ணிட்டானே. எவன் போய்ச் சொன்னான்னே தெரியல" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது பாய். லட்சுமி மேல ஆணை. நான் வண்டி ஓட்டுனதோட சரி, எனக்குப் படிக்கவா தெரியும்?"

பாய் தகரம் தட்டும் பட்டறைக்கு அடியிலிருந்து நான் கொடுத்த நோட்டீசை எடுத்தார். நான்காக மடித்து என் கையில் வைத்தார். "குதிரைப் படம் நல்லாக் கீது. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்துக்கும் தட்டவில்லை. படத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. மறுநாள் காலை யாராவது பழக்கத்தில் "இன்னா பாய்?" என்று கேட்டால், அவர்கள் சந்து தாண்டும் வரை சுத்தியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். தெரியாமல் ஒரு தட்டு விழுந்தாலும் யாராவது அதை எண்ணிவிடுவார்களோ என்ற பயம். என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தார். விளக்குக்குப் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தார். ரமலானில் கஞ்சி கொடுத்தனுப்பினார். யார் மேல் பொய்ச் சத்தியம் செய்தேனோ அந்த லட்சுமியும் அதன் பின் ஆறு வருஷம் நோயில்லாமல் இருந்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் கசக்கிறது.

போன புதன்கிழமை நம் வாசகசாலை வகுப்புக்கு என்று வாத்தியாரம்மா முன்பே, "ஆத்துல இருக்கற அச்சுக் காகிதம் ஏதாவது ஒண்ணு எடுத்துண்டு வாங்கோ, எல்லாரும் அவாவா வாசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். என் வீட்டில் இருந்த ஒரே அச்சுக் காகிதம் பெட்டியில் கிடந்த அந்தக் குதிரைப் படம்தான். எல்லாருக்கும் முன்னால் நின்று விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பாயின் பெயர் வந்தது. மூன்று தட்டு வந்தது. அவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்ததுதான். கீழே சின்ன எழுத்தில், யாரும் என்னிடம் சொல்லாத கடைசி வரி ஒன்று இருந்தது. "பாய் தட்டியதை நேரில் கண்டு நமக்குச் சொன்னவர் அவருடைய ஆப்த சிநேகிதர், லஸ் ஜட்கா ஸ்டாண்டு முனுசாமி."

என் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் கை தட்டிச் சிரித்துவிட்டேன். "அம்மா, என் பேரு! நானே படிச்சிட்டேன்!" என்றேன். வகுப்பே கை தட்டியது. பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. "உனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டபோது இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். நான் குதிரையின் மேல் ஆணையிட்டபோது இந்தக் காகிதம் அவர் பட்டறைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் என் விளக்கைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, நான் வந்து சொல்வேனா என்று பார்த்திருக்கிறார். அல்லது பார்க்காமலே விட்டிருக்கிறார். சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வெள்ளிக்கிழமை போவதாக இருந்தேன்.

வியாழக்கிழமை மாலை அடக்கத்துக்குப் போனேன். நானும் ஒரு பிடி மண் போட்டேன். வெளியே பலர் நின்று புகழ்ந்தார்கள். "பாய் தட்டினா தட்டினதுதான்" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொக்கியில் நூற்கண்டு கட்டியவர் அவர்தான் என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. அவருக்கு அந்த நூலைக் கட்டக் காரணம் கொடுத்தவன் நான்.

பாயின் கையிலிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு விளக்கும் இந்தக் காகிதமும்தான். விளக்கு வண்டியில் இருக்கும். காகிதத்தை அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கடைசி வரி சின்ன எழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். அவர் அந்தப் படத்துக்குப் போகாதே என்றுதான் சொன்னார். முழுவதும் கேட்டவன் நான் ஒருவன்தான்.

வரும் சனிக்கிழமை கொட்டகைக்குப் பழைய கோட்டைப் படம் ஒன்று திரும்ப வருகிறது. பாய் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து முழங்கையையும் முட்டியையும் பார்ப்பேன். இரும்பா நூலா என்று அடுத்த வாரம் இதே பக்கத்தில், எவ்வளவு நேரம் பிடித்தாலும், முழுவதையும் எழுதுகிறேன். குதிரையைப் பற்றி ஏதாவது இருந்தால் அதைக் கடைசியில் எழுதுகிறேன்.