ஒரு கால் தூக்கிய பெட்டரி

வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்த என் கணவர் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பொதியில் நான் கேட்ட கைத்தொலைபேசி இல்லை. கையில் வைத்து விளையாடும் கேம் ஒன்று இருந்தது. கறுப்பாக, மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரிதாக. கூடவே மேலதிகமாக ஒரு பெட்டரி. கல்யாணமாகி ஒரு வருடம் நிறையாத மனைவிக்கு இதை ஏன் அனுப்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த முறை அவர் அழைத்தபோது கேட்டேன்.

"உனக்குத்தான். சும்மா இருக்கிற நேரத்துல விளையாடு" என்றார்.

நான் எங்கே சும்மா இருந்தேன்? மஹய்யாவயில் அப்பா வீட்டில் தங்கிக்கொண்டு, கண்டி டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி, வெளிநாட்டு அழைப்பு, இன்டர்நெட் எல்லாம் என் தலையில். சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். பஸ்ஸில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டு இறங்கினால் குண்டென்று முழு பஸ்ஸும் இறங்கிவிடும்.

கேமோடு கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றுதான் வந்திருந்தது. அதே காரை அதே ரோட்டில் ஓட்டி அலுத்துப்போனேன். நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் காட்டினேன்.

"வேற கேமும் போடேலும் தங்கச்சி. இன்டர்நெட்ல எல்லாம் ஈக்கி" என்றார்.

ஆள் வராத நேரத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. பெட்டரிக்குள் ஓர் இலக்கம் இருக்கிறதாம். கேம் அதைப் படித்துப் பார்க்குமாம். அந்த இலக்கம் கிடைக்காவிட்டால், தன்னைத் திருத்துகிறவரின் பெட்டரிதான் வந்திருக்கிறது என்று நம்பி, எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளுமாம். பெட்டரியைப் பிளந்து, உள்ளே இருக்கும் எறும்பு மாதிரியான துண்டின் ஒரு காலை மட்டும் மேலே தூக்கிவிட வேண்டும். பிறகு அந்தக் காலில் ஒரு சின்ன ஸ்விட்சை சோல்டர் பண்ணிக்கொண்டால், வேண்டும்போது பெட்டரியைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

சோல்டர் என்றதும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அப்பா மாநகரசபையில் வேலை. முன்பு வீட்டில் ரேடியோ திருத்துவார். பக்கத்து லய வீட்டு வரிசையில் ஒருவரை, வீட்டில் வயரும் பெட்டரியும் கிடந்தன என்று பொலிசார் குண்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போய், பல நாள் கழித்துத்தான் விட்டார்கள். அன்றைக்கே அப்பா தன் சோல்டர் அயனைக் கொண்டுபோய்க் குப்பை லொறியில் போட்டுவிட்டார்.

நானாவிடம் சொன்னேன். "சோல்டர் எதுக்கு? பெட்டரி ரெண்டு ஈக்குதுதானே. ஒண்ட வெட்டுவோம். மத்தது அப்பிடியே ஈக்கட்டும்" என்றார். இவ்வளவு சுலபமான விடயம் எனக்குத் தோன்றவேயில்லை.

கடை மேசையில் வைத்து நான்தான் செய்தேன். நானா டோர்ச் பிடித்தார். பிளேடால் பெட்டரியின் கூட்டைப் பிளந்து, தையல் ஊசியால் அந்தக் காலை நெம்பினேன். சரியான கால்தானா என்று தெரியாது. கால்களை எண்ணத் தொடங்கும் பக்கத்தைப் பற்றி ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்தார்கள். இன்டர்நெட்டில் சொன்னபடி தயாரித்த மெமரி கார்டையும் கேமில் செருகி, வெட்டிய பெட்டரியைப் போட்டேன். கேமின் ஸ்விட்சைத் தொடவேயில்லை. தானாகப் பச்சை வெளிச்சம் வந்தது. திரையிலும் எழுத்துக்கள் வந்தன. சொன்னபடி அழுத்தினேன். சாதாரண பெட்டரியை மாற்றிப் போட்டபோது நான் ஏற்றிய புதிய கேம்கள் எல்லாம் ஓடின. என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

வெட்டிய பெட்டரிக்கு டேப் ஒட்டி அலுமாரியில் வைத்தேன்.

சில வாரங்களில், விடிகிற நேரத்தில் பொலிசார் தேடுதலுக்காக எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் வீட்டு அலுமாரியைக் கிளறிய பொலிஸ்காரி அந்தப் பெட்டரியை எடுத்து டேப்பை உரித்தாள்.

"மேக்க மொகக்த?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

கேமுக்குரிய பெட்டரி என்றேன். ஏன் வெட்டியிருக்கிறது என்றாள். என் சிங்களம் போட்டோ கொப்பிக் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. "இலக்கத்தை இல்லாமலாக்கினேன்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வயரு கியரு வேணாம்னு சொன்னேன்ல?"

"வயர் இல்லப்பா. சோல்டரே பண்ணல."

"அத அவங்ககிட்ட சொல்லு."

இருவரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பெரிய அதிகாரி ஒருவர் கேமையும் இரண்டு பெட்டரியையும் மேசையில் வைத்திருந்தார். வெட்டியதைப் போட்டுக் காட்டச் சொன்னார். அன்று செருகிய மெமரி கார்ட் அதில் இல்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டரியைப் போட்டேன். பச்சை வெளிச்சம் மட்டும் வந்தது. திரை இருட்டாகவே கிடந்தது. அவர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

"யார் ஸ்விட்ச் போட்டது?"

"யாரும் இல்லை சேர். தானாக வரும்."

பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரன் இன்னும் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். நான் அவசரமாக அதைக் கழற்றி, சாதாரண பெட்டரியைப் போட்டு, ஸ்விட்சைத் தள்ளினேன். பாட்டோடு கேம் வந்தது.

"வெட்டியது இல்லாமலே வேலை செய்கிறதே. அப்படியென்றால் இது எதற்கு?"

"அதை வேலை செய்ய வைப்பதற்கு, சேர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன். அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. கணவர் எங்கே, என்ன வேலை, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் கேட்டார். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டம் என்றேன். நீண்ட நேரம் வெளியே மர வாங்கில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் கூப்பிட்டு, கேமைக் கையில் தந்து போகச் சொன்னார்கள். வெட்டிய பெட்டரி அவருடைய மேசை லாச்சிக்குள் போனது.

"பெட்டரி, சேர்?" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்பா என் காலை மிதித்தார்.

பயத்தில் வைத்துக்கொண்டார்களா, வேறு ஏதும் காரணமா? ஆபத்தென்று நினைத்திருந்தால் எங்களை ஏன் விட்டார்கள்? இல்லையென்றால் அதைத் தந்திருக்கலாமே. கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கேம் இருக்குதானே, விடு" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். அந்த இளம் பொலிஸ்காரன் சாதாரண உடுப்பில் எங்கள் கடைக்கு வந்தான். ஆட்கள் போகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, தணிந்த குரலில் சிங்களத்தில் கேட்டான்.

"அக்கே, எந்தக் காலைத் தூக்கவேண்டும்?"

அவனிடமும் அப்படியொரு கேம் இருக்கிறதா? என்னைப் பேசவைத்துப் பிடிக்க அனுப்பினார்களா? முகத்தைப் பார்த்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் போலிருந்தது. நானா உள்ளே, என்னை எச்சரிப்பதுபோல் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"மறந்துவிட்டது, மல்லி" என்றேன், சிங்களத்தில் அவனைத் தம்பியாக்கி.

அவன் தலையாட்டினான். கோபமா ஏமாற்றமா தெரியவில்லை. ஒரு போன் கார்ட் வாங்கிக்கொண்டு, படியில் நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.