ராடாரில் படாத ஆசாமி

வானத்தில் பறந்துகொண்டே எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கிற வேலை என்றதும் கேட்பவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். உண்மையில் அது, ஒன்றும் வராத திரையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. ஆளில்லாத ஏடிஎம்மைக் காக்கும் வாட்ச்மேன்களே, வண்டி வராத ரயில்வே கேட்டில் குந்தியிருக்கும் கேட் கீப்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

விமானப் படையில் ராடார் விமானத்தில் இருந்து ஓய்வு பெற்று, கம்பைநல்லூரில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். ரகசியம் எதுவும் இதில் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

சன்னல் இல்லாத சீட்டு

முதுகில் பெரிய தட்டைச் சுமந்து பறக்கும் விமானம் எங்களுடையது. அந்தத் தட்டுக்குள்தான் ராடார் இருக்கிறது. எங்கள் வரிசைக்குச் சன்னல் கிடையாது. எதிரே திரை, காதில் ஹெட்போன், பிளாஸ்கில் ஆறிப்போன டீ. கீழே இருப்பது கடலா மலையா என்பதுகூடத் திரை சொன்னால்தான் தெரியும்.

லீவில் வந்திருந்தபோது ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "மேல இருந்து பாத்தா நம்ம தீர்த்தமலை தெரியுதுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். எங்களுக்குச் சன்னலே இல்லை என்றேன். அப்பளத்தை நொறுக்கிய கை அப்படியே நின்றது. அவ்வளவு பரிதாபமாக என்னை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"சன்னலே இல்லாத ஏரோப்ளேன்ல போறதுக்கு, சன்னலோரமா அரூர் பஸ்ல போயிருக்கலாமுங்களே!"

நான் பிடித்த முதல் எதிரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புள்ளி விறுவிறுவென்று திரையில் வந்தது. தாழப் பறந்து வரும் விமானம் என்று கத்திவிட்டேன். எல்லாரும் என் திரையை மொய்த்துக்கொண்டார்கள். எங்கள் டீம் லீடர் தூத்துக்குடிக்காரர், நிதானமான மனிதர். புள்ளியின் மேல் சாலை வரைபடத்தைப் போட்டுப் பார்த்தார். என் எதிரி நாலுவழிச் சாலையில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து திரையைவிட்டே காணாமல் போனான். லாரிதான். மேலிருந்து பார்க்கிற ராடாருக்கு, வேகமாக நகர்வதெல்லாம் சந்தேகத்துக்குரியது. காதுவரை சூடேறி உட்கார்ந்திருந்த என் தோளைத் தட்டிவிட்டு அவர் சொன்னார்:

"நீ புடிச்ச எதிரி டோல்கேட்ல நிக்கான். போய் ரசீது கேட்டு வாங்கிட்டு வா."

மூன்று சந்தேகங்கள்

ஸ்டெல்த் விமானம் மாயமாய் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாம் அனுப்புகிற ராடார் அலை நம்மிடமே திரும்பி வராதபடி அதன் உடம்பைச் சரித்துச் சரித்துக் கட்டியிருப்பார்கள். அலை வேறு பக்கம் சிதறிப் போய்விடும். மூக்குக்கு நேரே இருந்து பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. பக்கவாட்டில் இருப்பவனுக்கு எப்போதாவது ஒரு மினுக்கு தெரியும். அவனும் அதைக் கொசு என்று தள்ளிவிடுவான்.

அதனால் பயிற்சியில் ஒரு விமானத்தின் சிக்னலைக் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே மங்க வைத்து, கண்டுபிடி பார்க்கலாம் என்பார்கள். நான் என் திரையையே முறைத்துக்கொண்டிருப்பேன். கண்ணில் நீர் வருமே தவிர விமானம் வராது. தூரத்தில் பறக்கும் இன்னொரு ராடார் விமானத்துக்கும், தரையில் இருக்கிற ராடாருக்கும் இதே இடத்தில் ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்க வேண்டும். மூன்று பேருடைய அரைகுறைப் புள்ளிகளையும் ஒரே திரையில் போட்டால், அதுவரை இல்லாத பாதை ஒன்று மெல்லக் கோடாகத் தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டீம் லீடர் சிலிர்க்கிற ஆள் இல்லை.

"ஒருத்தனுக்குச் சந்தேகம்னா அழிச்சிரு. மூணு பேருக்கும் ஒரே இடத்துல சந்தேகம்னா எந்திச்சு ஓடு."

மழை பெய்தால் ஊறும்

வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. எங்கே போனேன், எப்போது வருவேன், எதைப் பார்த்தேன், எதுவும் கூடாது. அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூட நான் ரகசியமாக வைத்திருந்தேன். என் மனைவி கோமதிதான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள். கம்பைநல்லூருக்கு வந்து பால் காய்ச்சின மறுவருஷமே மாரடைப்பில் போய்விட்டாள். இப்போது காலையில் ரேடியோவைப் போடுகிறேன். வீட்டில் ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. அவள் குரலாக இல்லையே என்று தினமும் கோபம் வருகிறது. குடிவந்த புதிதில் ஹால் சுவரைத் தட்டிக் காட்டி அவள் சொன்னதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது:

"உங்ககிட்டப் பேசறதும் இந்தச் செவுத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதானுங்க. செவுராச்சும் மழை பேஞ்சா கொஞ்சம் ஊறும்."

சுபாவின் கேள்வி

மகள் சுபா கனடாவில் இருக்கிறாள். அங்கே வந்துவிடுங்கள் என்றாள், மாட்டேன் என்றேன். ஹாலில் கேமரா வைக்கிறேன் என்றாள், அதுவும் மாட்டேன் என்றேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவனைத் திரையில் பார்த்தவனுக்கு, தான் திரையில் தெரிவது பிடிக்காது.

ஊரில் என்னை 'மிலிட்டரிக்காரர்' என்பார்கள். விடிந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிறைந்ததும் நிறுத்துவேன். வாசலில் லட்சுமக்கா ஊற்றிவிட்டுப் போகும் பாலை உள்ளே எடுத்து வைப்பேன். மாதேஷ் கடையில் ஒரு டீ. அங்கே போனில் சண்டை விமான வீடியோ பார்ப்பவர்கள், "ஏனுங்க சார், இதைக் கண்டுபுடிக்க முடியுமுங்களா?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். நல்ல ஸ்டெல்த் விமானம் மாதிரி ஊருக்குள் போய்வந்துகொண்டிருந்தேன். ஆனால் சுபா ஒருநாள் போனில் கேட்டாள்:

"நீங்க தனியா விழுந்து கெடந்தா, எனக்கு யாருப்பா சொல்லுவா?"

மோட்டார் நிற்காத காலை

விழுந்தேன். பாத்ரூமில், சோப்பு நுரையில் கால் வழுக்கி. இடுப்புக்குக் கீழே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. போன் சாப்பாட்டு மேஜையில் இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. கத்தினேன். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி என்னைவிடப் பலமாகக் கத்தியது. மேலே தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படியே செத்துப் போனால் எத்தனை நாள் கழித்துத் தெரியும் என்று நினைத்தேன். பயந்தேன். சுபாவின் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

வெயில் ஏறிய பிறகு முன்கதவு பிளக்கிற சத்தம் கேட்டது. கடப்பாரையோடு மாதேஷ், பின்னால் லட்சுமக்கா, அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுச் சாலம்மா.

தருமபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விவரம் கேட்டேன். மாதேஷ், இன்னைக்கு டீ குடிக்க வரலையே என்று நினைத்து, தூங்குகிறேன் என்று விட்டுவிட்டான். லட்சுமக்கா திரும்பி அந்த வழியாக வந்தபோது வாசலில் பால் அப்படியே இருந்ததைப் பார்த்து, அரூருக்குப் போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். சாலம்மா தொட்டி வழிவதைப் பார்த்து, வயசாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று முடிவு கட்டினாள். லட்சுமக்கா கடைக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில் சாலம்மா சர்க்கரை வாங்க வந்திருக்கிறாள். பேச்சு வாக்கில் மூன்றும் ஒன்றாக வெளியே வந்திருக்கின்றன. மாதேஷ் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தானாம். சுபாவுக்குப் போன் போட்டதும் அவன்தான்.

இதுவரை நான் அவர்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என் நடமாட்டமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சாலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க எங்க மூஞ்சியப் பாக்காம போனீங்கன்னா, நாங்களும் உங்க வூட்டப் பாக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?"

ஒளிந்து வருகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் உலகத்திலேயே பெரிய சந்தோஷம் என்று ஓய்வு பெறும்வரை நம்பியிருந்தேன். அகப்பட்டுக்கொள்வது அதைவிடப் பெரியது என்று தெரிந்துகொள்ள ஒரு இடுப்பெலும்பு செலவானது.